இருபத்தேழால் வகுத்தால்

ணங்!

மணிச் சத்தத்தில் கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மனோரமா கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு சுத்து சாஸ்தியாப் போயிட்டீங்க டீச்சர்" என்றார் ஃபக்ருதீன், பிரித்துப் போட்டிருந்த டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே. "முன்னால ஒரு சுத்து வாங்க, சரியாப் பூடும்."

கையால் சுற்றும் கணக்கு மெஷின் அது. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுத்தல் என்பது அதற்கு வெறும் கழித்தல்தான். கழித்துக்கொண்டே போக வேண்டும். இனிக் கழிக்க ஒன்றுமில்லை என்ற பிறகும் ஆசையாய் இன்னொரு சுற்று சுற்றிவிட்டால் மணி அடிக்கும். அடித்தால், அந்த ஒரு சுற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இலக்கத்துக்கு நகர வேண்டும்.

மனோரமா திருப்பிக் கொடுத்தாள். பெருக்கி வந்த விடையைத்தான் வகுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஜன்னல்களில் வரிசையாகப் பூஜ்யங்கள் நின்றன. புள்ளிக்குப் பின்னால் ஐந்து பூஜ்யம், அப்புறம் ஒன்று.

"ஐஞ்சு பூஜ்யம் பாய். சரியா இருக்கு!"

"இருக்கும் டீச்சர். போன வாரமும் அஞ்சுதானே வந்துது."

"நாளைக்குச் சொல்லப்போறேன் இல்லையா, அதான் இன்னொரு தடவை பார்த்துக்கிட்டேன்."

நாளைக்கு. நாளை சனிக்கிழமை. காலை ஆறேகால் ரயிலில் மெட்ராஸ். பதினோரு மணிக்குக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும்.

மனோரமாவுக்கு முப்பத்தொன்பது வயது. திருத்தணி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊர் பொதட்டூர்பேட்டை, நெசவுக் குடும்பம். தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, அவர்கள் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிறார்கள். அவளுக்கு வந்த வரன்களை முதலில் படிப்பு தள்ளியது, பிறகு வேலை தள்ளியது, அதற்குப் பிறகு வரன்களே தள்ளி நின்றுகொண்டன. மலைக்குப் போகும் தெருவில் ஓர் அறை. ஆடிக் கிருத்திகை வந்தால் லட்சம் காவடி அவள் வாசலைத் தாண்டி அரோகரா என்று போகும். ஒரு கை கூட அவள் கதவைத் தட்டியதில்லை. தண்ணீர் கேட்பவர்கள் கூட எதிர்வீட்டில்தான் கேட்பார்கள். அங்கே திறந்திருக்கும், ஆள் சத்தம் இருக்கும்.

அவள் வீட்டில் இருந்ததெல்லாம் ஓர் எண்.

அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்து ஓய்வறையில் ஒரே ஒருமுறை பேசினாள். சரித்திர டீச்சர் அம்சா கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி, "இத கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவ மனோ? குழம்புல போடலாமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மனோரமாவும் சிரித்தாள். அன்றோடு அந்தப் பேச்சை அங்கே நிறுத்திவிட்டாள். சோறு வடிக்கும்போது எண்ணிடமே பேசினாள். பக்கத்து அறைக்காரர்கள் டீச்சரம்மா மந்திரம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஃபக்ருதீன் கடைக்கு அவள் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பள்ளிக்கூடத்து டைப்ரைட்டரை ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவள், மேஜைமேல் இருந்த கடையின் சொந்தக் கணக்கு மெஷினைப் பார்த்துவிட்டாள். "இதைக் கொஞ்சம் சுத்திப் பார்க்கலாமா?" என்றாள். "சுத்துங்க டீச்சர், தேஞ்சா பூடும்?" என்றார் அவர். மறுநாளும் வந்தாள். பிறகு தினமும் பள்ளி விட்டு ஐந்து மணிக்கு வந்து ஆறரை வரை சுற்றினாள். பாய் எட்டாம் வகுப்பு. மனைவி ஆலம் பீ போய் நாலு வருஷம். ஒரே மகளை வாலாஜாவில் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைக்குப் பின்னாலேயே படுக்கை. ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர்க்கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீ வாங்கி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு விடுமுறை என்று பலகை சொல்லும். ஆனால் ஐந்திலிருந்து ஆறரை வரை ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும். "வேலை தங்கிப்போச்சு" என்பார்.

"டீ ஆறுது டீச்சர்."

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் அவளுடைய கட்டுரை, பதினொரு பக்கம், பச்சை நூலால் தைத்துக் கிடந்தது. பாய்தான் டைப் அடித்தார். கணக்குக் குறிகளுக்கு இடம் விட்டு அவர் அடிக்க, அவள் பேனாவால் நிரப்பினாள்.

ஃபக்ருதீன் திருப்புளியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"டீச்சர்... இந்த நாலாம் பக்கத்துல ஒரு வரி வருதே. 'அதே இடைவெளியில் திரும்பும்'னு. அத்த அவங்க கேட்டாங்கன்னா?"

"எதை?"

"ஏன் அதே இடைவெளின்னு."

மனோரமா சிரித்துவிட்டாள். "அதை யாரும் கேட்கமாட்டாங்க பாய். அது தெரிஞ்ச விஷயம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகன் தணிகாசலம். அந்த ஆள் வந்தால் மற்றவர்கள் பேச்செல்லாம் அத்தோடு சரி.

"பாய்! எங்க மெஷினு ரெடியா? தாசில்தாரு கையால கூட்டிக் கூட்டி விரலெல்லாம் வீங்கிப் பூட்ச்சி."

"ரெடிதான். ஆனா நாளைக்குக் காலைல வா தணிகாசலம். சோதிச்சுக் குடுக்குறேன்."

"நாளைக்கா? நேத்தும் நாளைக்குன்ன. நான் இன்னா உனுக்கு நாளைக்கு நாளைக்குன்னு அலையறதுக்கு வந்த கடன்காரனா? இப்பவே சோதி." அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் மனோரமாவைக் கவனித்தான். "அட, டீச்சர்! நல்லாக்கீறீங்களா? ரெண்டு வருசமா இந்தப் பக்கம் போறப்பல்லாம் பாக்குறேன். மாவு அரைக்கிற மாதிரி சுத்திக்கினே இருக்கீங்க. மாவுதான் கண்ணுல தெரியல."

வேறு நாளாக இருந்தால் அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள். இன்று சொன்னாள். நாளைக்கு ஒத்திகை.

"ஓர் எண் இருக்கு தணிகாசலம். ஒண்ணு புள்ளி மூணு பூஜ்யம் ஆறு மூணு ஏழு ஏழுன்னு போகும். அதையே மூணு தடவை வெச்சுப் பெருக்கினா ரெண்டு சொச்சம். அந்த விடையை, சொச்சத்தோடயே, திரும்ப மூணு தடவை வெச்சுப் பெருக்கினா பதினொண்ணு சொச்சம். அதைப் பெருக்கினா ஆயிரத்து முந்நூத்து அறுபத்தொண்ணு சொச்சம். ரெண்டு, பதினொண்ணு, ஆயிரத்து முந்நூத்து அறுபத்தொண்ணு, எல்லாம் பகா எண். எந்தக் காலத்துக்கும் பெருக்கிக்கிட்டே போ. சொச்சத்தைத் தள்ளிப் பார்த்தா பகா எண்தான் வரும்."

"பகா எண்ணுன்னா?"

"ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது."

"ஆங்... யாரோடயும் ஒட்டாதது. எங்க தாசில்தாரு மாதிரி." தணிகாசலம் தொடையில் தட்டிக்கொண்டான். "செரி, முழு நம்பரையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன், லாட்டரிச் சீட்டுக்கு ஆவும்."

"முழுசா யாருக்கும் தெரியாது. முழுசாத் தெரியணும்னா அந்தப் பகா எண்ணெல்லாம் முதல்லயே தெரிஞ்சிருக்கணும்."

"இது இன்னா கூத்து! சாவி பொட்டிக்குள்ள, பொட்டி பூட்டிக்கினு கீது."

மனோரமா அவனை வியப்போடு பார்த்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக அவள் சொன்னதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தபாலில் எம்.ஏ. படித்தபோது, ஒரு பழைய சஞ்சிகையில் அந்த எண்ணைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒரு வரி இருந்தது: இது பின்ன எண்ணா, விகிதமுறா எண்ணா என்று தெரியவில்லை. அவ்வளவுதான். பின்ன எண் என்றால் தசம இலக்கங்கள் ஓரிடத்தில் திரும்பிவிடும். ஒன்றை ஏழால் வகுத்தால் ஆறு இலக்கத்துக்கு ஒருமுறை அதே வரிசை வரும், லுங்கியின் கட்டம் போல. விகிதமுறா எண் என்றால் எத்தனை தூரம் போனாலும் கட்டம் திரும்பாது. அதற்கும் மேலே இன்னொரு கேள்வி உண்டு. எந்தச் சமன்பாட்டு வலையிலும் சிக்காமல் விஞ்சி நிற்கும் எண்ணா அது? அதை அவள் அடுத்த பிறவிக்கு ஒத்திவைத்துவிட்டாள். இந்தப் பிறவிக்கு முதல் கேள்வி போதும்.

விடையை அவள் கண்டுபிடித்தது இந்தக் கடையில், இந்த மெஷினில், சொச்சங்களைப் பார்த்துப் பார்த்து. ரெண்டு புள்ளி இரண்டு இரண்டு. பதினொன்று புள்ளி பூஜ்யம் எட்டு. அடுத்ததில் புள்ளிக்குப் பின் ஐந்து பூஜ்யம். அதற்கடுத்ததில் பதினேழு. பூஜ்யங்கள் கூடிக்கொண்டே போகின்றன! அன்று அவள் டீயைக் குடிக்க மறந்தாள்.

எண் பின்னமாக இருந்தால், இத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை என்று திரும்ப வேண்டும். முந்நூறு என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெருக்கி வருவதும் முந்நூறுக்கு ஒருமுறை திரும்பும். முந்நூறு இலக்கத்துக்குள் முந்நூறு பூஜ்யத்துக்கு மேல் எப்படி அடங்கும்? அடங்காது. ஆனால் இந்த எண்ணின் பூஜ்யங்களோ எல்லையில்லாமல் கூடுகின்றன. ஆகவே அது பின்னமில்லை. முடிந்தது.

பெருக்கினாலும் திரும்பும் இடைவெளி மாறாது என்பது அவளுக்குக் கணக்கில் படித்ததில்லை. அதற்கு முன்பே தெரியும். நைனாவின் தறிமேல், எங்கே பூ விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். "நூலை மாத்து, கலரை மாத்து, அகலத்தை மாத்து. அட்டை அறுபதுன்னா அறுபதுலதான் பூ திரும்பும்" என்பார். அட்டை மாலையை அவிழ்க்காமல் பூவின் இடைவெளியை மாற்ற முடியாது. தறி வீட்டில் பிறந்த யாரும் இதற்கு நிரூபணம் கேட்கமாட்டார்கள்.

ஏழு சஞ்சிகைகளுக்கு எழுதினாள். பதில் இல்லை. சென்ற மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியரின் அஞ்சலட்டை வந்தது. வாதத்தின் சுருக்கத்தைப் படித்தேன், எதிர்பாராத வழியாக இருக்கிறது, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பலகையில் முழுவதும் எழுதிக் காட்டுங்கள், நாங்கள் ஆறு பேர் இருப்போம், வாதம் நின்றால் இங்கேயே ஆராய்ச்சியில் சேர்வது பற்றிப் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

அந்த அட்டையை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. படிக்கும்போதெல்லாம் கண் ஒரே இடத்தில் நின்றது. ஆறு பேர். அவள் வாயைத் திறந்தால் கொட்டாவி விடாத ஆறு பேர்! அந்த ஊரில் ஒரு தெரு, அந்தத் தெருவில் ஓர் அறை, அந்த அறைக் கதவைத் தட்டி, "மனோரமா, அந்த நாலாவது வரி..." என்று யாராவது கேட்கக்கூடும்.

"செரி பாய், போடு" என்றான் தணிகாசலம். "எப்பவும் போடுவியே, அத்தப் போட்டுக் காட்டு."

"நாளைக்குன்னேனே."

"யோவ், இன்னா இன்னிக்குப் பிகு பண்ற? எப்பவும் மத்தியானம் வந்தா வேணாம் வேணாம்னாலும் சுத்திக் காட்டுவ. போடு."

ஃபக்ருதீன் மனோரமாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு தாலுகா ஆபீஸ் மெஷினை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். ஒன்றை மூன்றால் வகுத்தார். கைப்பிடி தடங்கலில்லாமல் சுழன்றது. ஜன்னல்களில் மூன்று மூன்றாக நிரம்பியது.

"பாத்துக்கினியா? எல்லா வீலும் ஓடுது. எடுத்துகினு போ."

"எல்லாம் மூணாத்தானே வந்துது? பூஜ்யம் வுழுதான்னு எப்படித் தெரியும்? நீதானே சொல்லுவ, ஒரே நம்பர் வந்தா நம்பாத, இருபத்தேழு போட்டாத்தான் மெஷின் பவிசு தெரியும்னு. போடு இருபத்தேழு."

"அதெல்லாம் வேணாம், நல்லா இருக்குது."

"வேணாமா? தள்ளு, நானே போடுறேன். பத்து வருசமா பாக்குறேன், எனுக்குத் தெரியாதா?"

தணிகாசலம் சுற்றினான். ஃபக்ருதீன் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார். மணி அடித்தது. ஒரு சுற்று முன்னால். மறுபடி சுற்று. மறுபடி மணி. மனோரமா கட்டுரையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகத்தான் நிமிர்ந்தாள்.

பூஜ்யம் மூன்று ஏழு. பூஜ்யம் மூன்று ஏழு. பூஜ்யம் மூன்று ஏழு.

"ஆங், இது கரீட்டு!" தணிகாசலம் கையைத் தட்டித் துடைத்தான். "இதான் மெஷினு."

மனோரமா பையைக் கீழே வைத்தாள். மூன்றை மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் இருபத்தேழு. மூன்றில் ஓர் இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பியது. இருபத்தேழில் மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை.

ஒன்று மூன்றாகிவிட்டது. அட்டை மாலை அவிழாமலே பூவின் இடைவெளி மாறிவிட்டது.

"கொஞ்சம் இருங்க தணிகாசலம். நான் ஒண்ணு போட்டுப் பார்த்துக்கறேன்."

"போடுங்க டீச்சர், உங்க மெஷின் மாதிரி நெனச்சுக்கங்க."

இருபத்தேழை மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று. அதால் ஒன்றை வகுத்தாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். ஐந்து. பூஜ்யம். எட்டு. பூஜ்யம். ஐந்து. இரண்டு. ஆறு. மூன்று. நாலு. பதின்மூன்று ஜன்னலும் நிறைந்துவிட்டன. எங்கும் திரும்பவில்லை. எங்கே திரும்பும் என்று மனக்கணக்குப் போட்டாள். இரண்டாயிரத்து நூற்று எண்பத்தேழாவது இலக்கத்தில்.

அதைவிடக் கொடுமை அந்த ஆரம்பத்துப் பூஜ்யங்கள். மூன்றில் ஒன்றுக்கு ஒரு பூஜ்யமும் இல்லை. அடுத்ததற்கு ஒன்று. இதற்கு நாலு. வெறும் பின்னம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் பின்னம், அதற்கும் பூஜ்யங்கள் கூடிக்கொண்டேதான் போகின்றன.

பூஜ்யம் கூடுவதால் ஓர் எண் பின்னமில்லை என்று ஆகிவிடாது. பதினொரு பக்கமும் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வரி இருபத்தேழு வரைக்கும் கூடத் தாங்கவில்லை.

அவள் இன்னொரு சுற்று சுற்றினாள். ஏன் சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. மணி அடித்தது. முன்னால் ஒரு சுற்று வர வேண்டும். அவள் வரவில்லை.

"இன்னா டீச்சர், முகம் ஒரு மாதிரியாப் பூட்ச்சி? மெஷினு தப்பாக் காட்டுதா?" தணிகாசலம் எட்டிப் பார்த்தான்.

"இல்லை. சரியாத்தான் காட்டுது. எடுத்துட்டுப் போங்க."

அவன் மெஷினைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். "வரட்டா பாய்? டீச்சர், அந்த நம்பர் முழுசாக் கெடச்சா மறக்காம சொல்லுங்க, லாட்டரிக்கு" என்று மிதித்துக்கொண்டு போனான். தெருமுனையில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. கூட்டம் கூட்டமாக மொட்டைத் தலைகள், ஜன்னல் ஓரத்தில் சந்தனம். எல்லோரும் யாரோ ஒருவருடன் பேசிக்கொண்டு போனார்கள்.

மனோரமா பையிலிருந்து கட்டுரையை எடுத்து நாலாம் பக்கத்தைத் திறந்தாள். 'அதே இடைவெளியில் திரும்பும்.' அந்த வரியில் மட்டும் எழுத்துகள் சற்று அழுத்தமாக விழுந்திருந்தன. அடிப்பவர் ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி, யோசித்து, பிறகு அடித்தது போல. இத்தனை நாள் ரிப்பன் புதிது என்று நினைத்திருந்தாள்.

"நாளைக்கு ஆறு பேர் முன்னால இதை எழுதியிருப்பேன் பாய்."

ஃபக்ருதீன் காலி டீ கிளாஸ்கள் இரண்டையும் எடுத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"ஒருத்தர் எழுந்து, அம்மா, ஒண்ணை இருபத்தேழால வகுத்துப் பாருங்கன்னு சொல்லியிருப்பார்."

"காலைல ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிடலாம்னு இருந்தேன். வண்டி ஏறுறதுக்குள்ள."

அவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் திருப்புளியின் மரப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு ஏதுமில்லை.

"ரெண்டு வருஷத்துல எத்தனை மெஷின் இங்கே ரிப்பேர் ஆகியிருக்கும்?"

"அம்பது இருக்கும்."

"ஒண்ணைக்கூட நான் இருக்கறப்ப நீங்க வகுத்துப் பார்த்ததில்லை. எல்லாம் மத்தியானமே முடிச்சிடுவீங்க."

"ஆங்."

"இந்தப் பக்கத்தை டைப் அடிச்சப்பவே தெரியுமா?"

திருப்புளியை அவர் மேஜை மேல் வைத்தார். நேராக வைத்தார். பிறகு சொன்னார்:

"அதுக்கும் முன்னாடியே தெரியும் டீச்சர். நீங்க வாயால சொன்ன அன்னிக்கே தெரியும். சொல்லிட்டா, மறுநாள் அஞ்சு மணிக்கு ரெண்டாவது கிளாஸ் டீயை நான் யாருக்குன்னு வாங்குறது?"